ஆண்களும் பெண்களும் கலந்த ட்ரெக் குழுவை இமயமலைக்குக் கூட்டிப் போவது எப்படி

அலுவலக நண்பர்கள், கல்லூரித் தோழிகள், இரண்டு மூன்று தம்பதிகள் என்று ஒரு கூட்டம் சேர்ந்து கேதார்காந்தாவுக்கோ ஹம்ப்டா பாஸுக்கோ கிளம்புகிறது. ஏற்பாடு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து இப்படிக் குழுக்களை மலைக்குக் கூட்டிப் போவதுதான் என் பிழைப்பு. போனில் பெரும்பாலும் முதலில் வரும் பேச்சு இதுதான்: “லேடீஸ் வர்றாங்க மேடம், ஈஸியான ட்ரெக்கா ஒண்ணு சொல்லுங்க.” இதைக் கேட்பவர் ஆபீஸில் இரண்டாம் மாடிக்கே லிஃப்டில் போகிறவராக இருப்பார். அவர் சொன்ன லேடீஸில் ஒருவர் தினமும் விடியற்காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி ஓடுகிறவராக இருப்பார்.

எனவே ட்ரெக்கை ஆண், பெண் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். குழுவிலேயே நடைப் பழக்கம் குறைந்தவர் யார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு 1975 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்று, அங்கே ஏறிய முதல் பெண்ணான ஜப்பானின் ஜுன்கோ தாபெய் பதில் சொல்லிவிட்டார். 1984இல் நம் பச்சேந்திரி பாலும் ஏறிவிட்டார். அதற்காக வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். உண்டு. ஆனால் நாம் தேடுகிற இடத்தில் அது கிடையாது. தோளில் மாட்டுகிற பையில் இருக்கிறது, கழிப்பறை டென்ட்டில் இருக்கிறது, தலை வலிக்கிறது என்று யார் வாய் திறந்து சொல்கிறார், யார் மறைக்கிறார் என்பதில் இருக்கிறது. எல்லாமே ஏற்பாட்டாளர் கையில் இருக்கிற விஷயங்கள்.

கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது

முதல் வேலை, ஒரு ரத்தப் பரிசோதனை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். மேலே போகப் போக மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் குறைகிறது. அதைச் சுமந்து போகிற ஹீமோகுளோபினும் குறைவாக இருந்தால் இரண்டு பக்கமும் அடி. ஊரில் பத்து கிலோமீட்டர் அலட்டாமல் நடக்கிற பெண் 3,500 மீட்டரில் பத்தடிக்கு ஒரு முறை நின்றால், உடனே “ஸ்டாமினா இல்லை” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பல நேரம் அது இரும்புச்சத்துப் பிரச்சினை. ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெர்ரிடினும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் மாத்திரை வேலை செய்யப் பல வாரம் ஆகும், அதனால்தான் இரண்டு மாதம் முன்பே. ஆண்களையும் பார்க்கச் சொல்லுங்கள், நான்கில் ஒருவர் என்பது சின்ன எண்ணிக்கையா என்ன?

நாற்பது தாண்டிய ஆண்களிடம் பிரஷர், சர்க்கரை, இதயம் பற்றி நேரடியாகக் கேளுங்கள். படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுவிட்டு, பையின் ஓரப் பாக்கெட்டில் பிரஷர் மாத்திரை வைத்திருப்பார்கள். மனைவியிடம் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

பயிற்சியில் ஒரு சின்ன வேறுபாடு. சராசரியாகப் பார்த்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் கால் பலத்தில் இருக்கிற இடைவெளியைவிடத் தோள், கை பலத்தில் இருக்கிற இடைவெளி பெரியது. எனவே பெண்கள் சும்மா நடப்பதோடு நிறுத்தாமல், பையில் ஐந்தாறு கிலோ போட்டு மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஆண்களுக்கு நான் சொல்வது வேறு: ஜிம்மில் நெஞ்சை ஏற்றியது போதும், மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். இறக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒத்திகைக்கு நம் ஊர் மலையே போதும். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடக்க விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கேரளப் பக்கம் அகத்தியர்கூடம் இருக்கிறது, 1,868 மீட்டர். அங்கே பெண்களை உச்சிக்கு விடாமலிருந்தார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்று சொன்ன பிறகு, 2019 ஜனவரியில் முதல் பெண் உச்சிக்குப் போனார். அனுமதிச் சீட்டு கிடைப்பது மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகக் கஷ்டம்.

பையை அளந்து மாட்டுங்கள்

மலையடிவாரத்தில் வாடகைக்குத் தருகிற ரக்சாக்குகள் பெரும்பாலும் உயரமான ஆணின் முதுகுக்குத் தைத்தவை. ஐந்தடி இரண்டங்குலப் பெண் அதை மாட்டினால் இடுப்புப் பட்டை தொடையில் வந்து உட்காரும். மொத்தப் பாரமும் தோளில் தொங்கும். அன்று மாலை அவர் “எனக்கு இதெல்லாம் செட் ஆகாது” என்று சொல்வார். செட் ஆகாதது பைதான்.

அளக்கிற முறை இது. தலையைக் குனியச் சொல்லுங்கள்; கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில் ஓர் எலும்பு துருத்தும். அது மேல் புள்ளி. இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் வரும்படி நிற்கச் சொல்லுங்கள். கட்டைவிரல்களை இணைக்கிற கோடு கீழ்ப் புள்ளி. தையல்காரரின் டேப்பை வைத்து இரண்டுக்கும் நடுவே அளந்தால் அதுதான் முதுகு நீளம். 45 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சின்ன முதுகுச் சட்டம் உள்ள பையோ, முதுகுப் பகுதியை ஏற்றி இறக்கக்கூடிய பையோதான் வேண்டும். குட்டையான ஆண்களுக்கும் இதே கதைதான், அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மாட்டும்போது எல்லாப் பட்டையையும் முதலில் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் வைத்து இறுக்குங்கள், வயிற்றின் மேல் வேண்டாம். அப்புறம் தோள் பட்டை. அதற்குப் பிறகு தோளுக்கு மேலே பையின் உச்சியோடு சேர்கிற சின்னப் பட்டை. கடைசியாக நெஞ்சுப் பட்டை. பெண்களுக்கு அதை மார்புக்கு மேலே, காறையெலும்புக்குச் சற்றுக் கீழே ஏற்றி வைக்க வேண்டும். நடுவில் போட்டால் மூச்சை அடைக்கும், அந்த அவஸ்தையை ஆண் கைடிடம் சொல்லக் கூச்சப்பட்டு நாள் முழுக்கச் சகித்துக்கொண்டே நடப்பார்கள். சரியாக மாட்டியிருந்தால் தோள் பட்டைக்கு அடியில் ஒரு விரல் தாராளமாக நுழையும்.

எடை விஷயத்தில் ‘ஆளுக்குச் சமம்’ என்பது நியாயம் போலத் தெரியும். பத்து கிலோ பை 50 கிலோ பெண்ணுக்கு உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு; 80 கிலோ ஆணுக்கு எட்டில் ஒரு பங்கு. பொதுச் சாமான்களை, அதாவது மருந்துப் பெட்டி, கயிறு, பவர் பேங்க், நொறுக்குத்தீனி எல்லாவற்றையும் உடம்பு எடை பார்த்துப் பிரியுங்கள். தூக்குத் தராசு ஒன்று இருநூறு முந்நூறு ரூபாய்தான், கையோடு கொண்டு போங்கள். கழுதையில் பையை ஏற்றி அனுப்பும் வசதி இருந்தால் பெண்களிடம் மட்டும் “உங்களுக்கு வேணுமா?” என்று கேட்காதீர்கள். எல்லாரிடமும் தனித்தனியாக, கிளம்புவதற்கு முன்பே, வாட்ஸாப்பில் கேட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவில் கேட்டால் எந்த ஆணும் வேண்டும் என்று சொல்ல மாட்டார். தனியாகக் கேட்டால் பாதிப் பேர் ஏற்றிவிடுவார்கள்.

ஸ்லீப்பிங் பேக்கின் லேபிளில் இரண்டு வெப்பநிலை போட்டிருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்று இருப்பது ஐரோப்பியத் தர விதிப்படி ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். ‘லிமிட்’ என்று இருப்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து ராத்திரியை ஓட்டக்கூடிய குளிர். இரண்டுக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருக்கும். வாடகைக்கடைக்காரர் “மைனஸ் பத்து” என்று சொல்வது அனேகமாக லிமிட் கணக்கு. பெண்களுக்குக் கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், உள்ளே போடுகிற துணி லைனர் ஒன்றும் சேர்த்து.

தாபெய் காலத்தில் பெண் அளவுக்குச் சாமான்கள் கடையில் கிடைக்கவே கிடைக்காது. பணமும் இல்லை. அவரது குழுவினர் பழைய கார் சீட் உறைகளை வெட்டி, தண்ணீர் புகாத பைகளும் மேல் கையுறைகளும் தைத்துக்கொண்டார்கள். நமக்கு அந்தத் துன்பம் இல்லை; கேட்டு வாங்கினால் போதும்.

கழிப்பறை

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் கலப்புக் குழுவில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. ஆண்கள் பாதையோரம் திரும்பி நின்று இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார்கள். பெண்களுக்கு மரமே இல்லாத புல்வெளியில் மறைவு எங்கே? எனவே காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். மதியத்துக்குள் தலைவலி. அது தண்ணீர் குடிக்காத தலைவலியா, உயரத்தால் வந்த தலைவலியா என்று கைடு குழம்புவார். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வேறு. இதில் உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கிற டயமாக்ஸ் மாத்திரையும் சாப்பிட்டால் (மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம், சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்) அடிக்கடி போக வேண்டிவரும்.

நான் செய்வது இது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தம். நின்றதும் ஒரே அறிவிப்பு: “ஆண்கள் எல்லாரும் அந்த வளைவு தாண்டிப் போய் நில்லுங்க, பெண்கள் இங்கேயே.” யாருக்கு அவசரம் என்று கேட்பதில்லை. கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். கேட்காமல் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தால் எல்லாரும் போவார்கள், நிம்மதியாகத் தண்ணீரும் குடிப்பார்கள். நின்றபடி போக உதவும் சிலிகான் புனல் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கினால் வீட்டுக் குளியலறையில் பழகிவிட்டு வாருங்கள். பனியில், மூன்று அடுக்கு பேன்ட்டோடு, முதல் முறையாக முயலக்கூடாது.

முகாமில் கழிப்பறை டென்ட்டை நீங்களே போய்ப் பாருங்கள். ஜிப் முழுதாக மூடுகிறதா? பாதி டென்ட்டுகளில் பல் விட்டுப்போயிருக்கும். நான்கு ஊக்கு கொண்டு போங்கள். இன்னொன்று, ராத்திரி நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் உள்ளிருப்பவரின் நிழல் அப்படியே துணியில் விழும், வெளியே இருக்கிறவர்களுக்கு நிழல்கூத்து மாதிரித் தெரியும். உள்ளே இருக்கிறவருக்கு இது தெரியாது. விளக்கைத் தரையில் வைத்து, ஒளி கீழ்நோக்கி விழும்படி கவிழ்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்களின் டென்ட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே சமையல் டென்ட் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் நான்கு ஆண்களைத் தாண்டிப் போக வேண்டுமே என்று விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

மாதவிலக்கு: உயரத்திலும் அலைச்சலிலும் நாள் முன்பின் தள்ளும். கணக்குப்படி இப்போது வராது என்று நம்பிக்கொண்டு வராதீர்கள், எல்லாரும் நாப்கின் கையில் வைத்திருங்கள். தள்ளிப்போட மாத்திரை, கருத்தடை மாத்திரை எதுவானாலும் உயரத்துக்குப் போகிறேன் என்று சொல்லி மகளிர் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சிலருக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நாப்கினுக்குப் பதிலாக மாதவிலக்குக் கப் பழக நினைப்பவர்கள் ஊரில் இரண்டு மூன்று மாதம் பழகட்டும். நாப்கினைக் கழிப்பறைக் குழியில் போடக் கூடாது, அந்தக் குளிரில் எதுவும் மட்காது. பழைய செய்தித்தாளில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, அதை ஒரு கறுப்புப் பைக்குள் வைத்துக் கீழே கொண்டு வந்துவிடுங்கள். கறுப்புப் பையை எல்லாருக்கும் ஒன்று கொடுத்துவிடுவேன், ஆண்களுக்கும்தான். பிஸ்கட் கவரா வேறெதுவா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

வெந்நீர் இன்னொரு விஷயம். சமையல்காரரிடம் போய் ஒரு மக் வெந்நீர் கேட்கவே கூச்சப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். காலையும் மாலையும் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வெந்நீரும் சோப்பும் வைக்க முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நடக்கிற வரிசையும் தலைவலிக் கணக்கும்

பெண்களை நடுவில் விட்டு, முன்னும் பின்னும் ஆண்கள் காவல் போல நடப்பது நம் ஆட்களின் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். மாரத்தான் ஓட்டங்களை ஆராய்ந்தவர்கள், பெண்கள் முதலிலிருந்து கடைசிவரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகிறார்கள், ஆண்கள் தொடக்கத்தில் பாய்ந்துவிட்டுக் கடைசியில் தளர்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். மலையிலும் அப்படித்தான். நிதானமாக நடக்கிற ஒருவரை முன்னால் விடுங்கள், அது பெண்ணாக இருந்தால் ஏற்பாட்டாளர் வாயால் அதைச் சொல்லியே விடுங்கள்: “இவங்களைத் தாண்டி யாரும் போகக்கூடாது.” முதல் அரை மணி நேரம் முணுமுணுப்பு இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் முணுமுணுத்தவருக்கே மூச்சு வாங்கும்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற உயர நோய் யாருக்கு வரும் என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. உடற்கட்டுள்ள இளைஞருக்கு வரும். ஐம்பது வயது அம்மாவுக்கு ஒன்றும் ஆகாமலும் போகும். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பாதையைத் தேர்ந்தெடுப்பது எல்லாருக்கும் பொது. வித்தியாசம் நோயில் இல்லாவிட்டாலும், அதைச் சொல்கிற விதத்தில் இருக்கிறது.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் கவனியுங்கள். ஒருவர் “சூப்பரா இருக்கேன் மேடம்” என்பார். தட்டில் வைத்த பூரி அப்படியே இருக்கும். ஷூ லேஸ் கட்ட மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுப்பார். ஜோக் சொன்னால் சிரிக்க மாட்டார். அவருக்குத் தலை பிளக்கிறது என்று அர்த்தம். எதிரே ஒரு பெண் “லேசா தலைவலி” என்று உண்மையைச் சொல்வார். உடனே பக்கத்தில் இருப்பவர் “நைட் தூங்கலைல்ல, அதான்” என்று முடித்துவிடுவார். தம்பதி என்றால் இன்னும் மோசம். கேள்வி மனைவிக்கு, பதில் கணவரிடமிருந்து: “அவளுக்கு ஒண்ணுமில்லைங்க.”

அதனால் பொதுவில் கேட்காதீர்கள். டென்ட் டென்ட்டாகப் போய், ஆளாளுக்குத் தனியாக, தலைவலி, வாந்தியுணர்வு, அசதி, தலைச்சுற்றல் என்று நான்கையும் கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் சொல்லச் சொல்லுங்கள். நோட்டில் எழுதுங்கள். தலைவலி இருந்து, மொத்தம் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். இது மருத்துவர்கள் பயன்படுத்துகிற லேக் லூயிஸ் கணக்கு. “எப்படி இருக்கு?” என்றால் “நல்லா இருக்கேன்” என்று சொல்கிற ஆண், எண் கேட்டால் கொஞ்சம் யோசித்து “ரெண்டு” என்பார். எண்ணில் மானம் போவதில்லை போலிருக்கிறது.

உச்சிக்குப் போகிற நாளில் திரும்ப வேண்டிய நேரத்தை முந்தின இரவே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். நேரத்தில் வரம்பு வைத்துவிட்டால் ‘யாரால் திரும்பினோம்’ என்ற பேச்சு வராது. இல்லையென்றால் பழி பெரும்பாலும் ஒரு பெண் மேல்தான் விழும். உண்மையில் திரும்ப வேண்டியிருந்த ஆணுக்கும் அவர் ஒரு சாக்காகிவிடுவார்.

கைடு

குழுவில் பெண்கள் இருந்தால் பெண் கைடு ஒருவராவது வேண்டும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். “கிடைக்க மாட்டாங்க” என்பார்கள். நேபாளத்தின் பொக்காராவில் மூன்று சகோதரிகள் 1994இல் பெண்களுக்கென்று தொடங்கிய ட்ரெக் நிறுவனம் இன்றும் நடக்கிறது. லடாக்கின் லே நகரில் தின்லஸ் சோரோல் என்ற பெண் 2009இல் தொடங்கிய நிறுவனத்தில் கைடுகள் எல்லாரும் லடாக் பெண்கள். கேட்பவர்கள் கூடினால் மற்ற இடத்திலும் வருவார்கள்.

ஆண் கைடுதான் என்றால், கயிறோ ஹார்னஸோ (இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பாதுகாப்புப் பட்டை) மாட்டுகிற இடத்தில் தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். உத்தராகண்ட் பையன்கள் நல்ல பிள்ளைகள், “தீதி, பெல்ட் டைட் பண்றேன்” என்று சொல்வார்கள். சொல்லாதவர்களிடம் நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

கூடவே ராஃப்டிங், பாராகிளைடிங் என்றால்

ரிஷிகேஷ் வழியாகத் திரும்புகிறவர்கள் கங்கையில் ராஃப்டிங் போகாமல் வருவதில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் தோள் பக்கம் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரியது. சின்ன உடம்புப் பெண்களுக்கு நடக்கிற தப்பு இது. ஆண்களிடம் நடக்கிற தப்பு வேறு: நீச்சல் தெரியாமலே, நடுவில் குதிக்கச் சொன்னதும் முதல் ஆளாகக் குதிப்பது. நீச்சல் தெரியுமா என்பதையும் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவும் தளர்ந்த குர்தாவும் வேண்டாம்.

ஹிமாச்சலத்தின் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங் என்றால் எடையைச் சரியாகச் சொல்ல வேண்டும். பைலட்டும் பயணியும் சேர்ந்த எடைக்கு ஏற்றபடி இறக்கை அளவு மாறும். எடை குறைந்தால் பலமான காற்றில் கட்டுப்படுத்துவது சிரமம், கூடினாலும் ஆபத்து. வரிசையில் நிற்க வைத்து உரக்கக் கேட்டால் பெண்கள் ஐந்து கிலோ குறைத்தும் ஆண்கள் வாய்க்கு வந்ததையும் சொல்வார்கள். சீட்டில் எழுதி வாங்கி பைலட்டிடம் கொடுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் இதையெல்லாம் குழுவில் மெசேஜாகப் போடுவீர்கள். எல்லாரும் கட்டைவிரல் போடுவார்கள். அதை நம்பாமல் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் பண்ணுங்கள். தம்பதி என்றால் இருவருக்கும் தனித்தனியாக, அவரவர் நம்பரில்.